கன்னத்தில் கேட்ட சத்தம்

ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் பள்ளி வாசலில் பேச ஆரம்பித்தால், சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்வரை நிறுத்த மாட்டாள். “எல்லா ரேடியோவுக்கும் அணைக்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கும். இதுக்கு மட்டும் வைக்க மறந்துட்டாங்க” என்பான் அவளுடைய அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை ரேடியோ வழக்கத்தைவிட வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அன்றுதான் ‘தொட்டுப்பார் மணி’ என்ற புது வகுப்பின் முதல் நாள்.

பள்ளி வளாகத்தின் கோடியில் மஞ்சள் கதவு போட்ட ஒரு வகுப்பறை இருந்தது. அங்கே ஐந்து பிள்ளைகள் படித்தார்கள். வாசிப்பதும் எழுதுவதும் அவர்களுக்கு எட்டாத காரியம். சிலருக்குப் பேச்சும் வராது. மற்றவர்கள் ஒரு நாளில் கற்றுக்கொள்வதை அவர்கள் கற்றுக்கொள்ள ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனால் தொட்டும் தட்டியும் கொட்டியும் முகர்ந்தும் பார்த்தால் அவர்களாலும் அறிவியல் படிக்க முடியும் என்று மஞ்சள் கதவு மிஸ் நம்பினார். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரை வாரம் ஒரு மணி நேரம் அனுப்பினால், ஆளுக்கு ஒரு ஜோடியாகச் சோதனை செய்யலாம் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார்.

தலைமை ஆசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி யோசித்தார்.

“நாலு வாரம் செஞ்சு பாருங்க. நாலாவது வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காருவேன். பிள்ளைங்க ஏதாவது கத்துக்கிட்டாங்கன்னு என் கண்ணுக்குத் தெரியணும். தெரியலேன்னா அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கணக்குப் பாடத்துக்குப் போயிடும்.”

“கணக்குக்கா!” என்று, விஷயம் தெரிந்ததும், தேர்வான ஐந்து பேரும் ஒரே குரலில் அலறினார்கள். ஒருவன் மட்டும் அலறியபிறகு, “எனக்குப் பரவாயில்ல” என்றான். அவன் பெயர் கால்குலேட்டர். படிக்கட்டு, ஜன்னல் கம்பி, மிஸ் தும்மிய தும்மல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறவன்.

மஞ்சள் கதவுக்குப் பின்னால் தரை முழுக்கப் பாய் விரித்திருந்தது. தாழ்வான மேசைகள், பிளாஸ்டிக் தொட்டிகள், மடித்து வைத்த துண்டுகள். கால்குலேட்டருக்கு ஜோடி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி. யாரைப் பார்த்தாலும் மணிக்கட்டை மட்டும் அசைத்துக் கையாட்டுவாள். அதனால் அவள் ‘மகாராணி’.

ரேடியோவுக்குக் கிடைத்த ஜோடி ‘வண்டு’. ஒன்பது வயதுப் பையன். பேச மாட்டான். ஆனால் எந்நேரமும் “ம்ம்ம்ம்” என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பான். அவன் அம்மாதான் அந்தப் பட்டப்பெயரை வைத்தாராம்.

“வணக்கம் வண்டு! நான்தான் உன் ஜோடி. நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யப்போற சோதனையைப் பாத்து எல்லாரும் அசந்துடப் போறாங்க. உனக்கு என்ன கலர் பிடிக்கும்? எனக்கு...”

வண்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

அன்றைய சோதனை நுரை எரிமலை. பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் சமையல் சோடாவும் போட்டு, மேலே வினிகரை ஊற்ற வேண்டும். கால்குலேட்டர் மகாராணியின் கையைப் பிடித்து மெதுவாக ஊற்றவைத்தான். “புஸ்ஸ்ஸ்!” நுரை பொங்கி வழிந்தது. மகாராணி அதை ஒரு கை அள்ளி, நிதானமாகக் கொண்டுபோய்க் கால்குலேட்டரின் மூக்கில் வைத்தாள். அறையே சிரிப்பில் குலுங்கியது.

“பாத்தியா வண்டு? இதுக்குப் பேரு வினிகர், அது போய் சோடாவோட சேரும்போது உள்ள ஒரு வாயு உண்டாகும், அந்த வாயுதான்...” என்று திரும்பினாள் ரேடியோ.

பக்கத்தில் வண்டு இல்லை.

அவன் வராந்தாவில் நின்றான். அங்கே இருந்த தண்ணீர் கூலரைக் கட்டிப்பிடித்து, அதன் பக்கவாட்டுத் தகரத்தில் கன்னத்தை ஒட்டவைத்திருந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன.

“தண்ணி வேணுமா?”

வண்டு கூலரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“வினிகர் வாசனை பிடிக்கலையா? தலை வலிக்குதா? தூக்கம் வருதா? வீட்டுக்குப் போகணுமா?”

வண்டு காதைப் பொத்தினான். ஆனால் கன்னத்தை எடுக்கவில்லை. அந்த மணி நேரம் முழுவதும் அப்படியே போயிற்று.

“மிஸ், எனக்கு வேற ஜோடி குடுங்க மிஸ்” என்றாள் ரேடியோ உம்மென்று. “எல்லாரும் நுரையில விளையாடினாங்க. நான் மட்டும் கூலரைக் காவல் காத்துக்கிட்டு நின்னேன்.”

மிஸ் தொட்டியைத் துடைத்தபடி சொன்னார்: “அவனுக்குச் சில்லுன்னு இருக்கிறது பிடிக்கும்போல. தினம் நாலு தடவை ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடிப்பான். அடுத்த வாரம் ஐஸ்கட்டி வைப்போம். ஒரு வாரம் பொறுத்துக்கம்மா.”

அடுத்த வெள்ளிக்கிழமை, தட்டு நிறைய ஐஸ்கட்டிகள் வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொத்தானோ, மணியோ, பொம்மைச் சக்கரமோ உறைந்து கிடந்தது. உப்பைத் தூவியும் வெந்நீரை ஊற்றியும் அதை வெளியே எடுக்க வேண்டும். “என்னோடது வருது, வருது!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

வண்டு ஒரு விரலால் ஐஸைத் தொட்டான். முகத்தைச் சுளித்தான். ஈர விரலை ரேடியோவின் சட்டையிலேயே நன்றாகத் துடைத்தான். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

“என் சட்டை என்ன கைக்குட்டையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே ரேடியோ ஒரு ஐஸ்கட்டியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வண்டு வழக்கம்போல் கூலரில் கன்னத்தைச் சாய்த்து நின்றான். அவள் ஐஸை அவன் மறு கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவன் கையைத் தட்டிவிட்டான். ஐஸ் உருண்டு ஓடியது.

ரேடியோவின் தலைக்குள் ஏதோ ‘டிங்’ என்றது. ‘சில்லுன்னு இருக்கிறது பிடிக்கும்னா ஐஸை ஏன் தட்டிவிடணும்?’

அந்த நேரம் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த கூலர் ‘டக்’ என்று தானாக நின்றது. வண்டு கன்னத்தை எடுத்தான். தகரத்தை உள்ளங்கையால் தடவினான். தட்டினான். காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கூலர் ‘டுர்ர்ர்’ என்று மறுபடி ஓட ஆரம்பித்தது. வண்டு அவசரமாகக் கன்னத்தை வைத்தான். “ம்ம்ம்ம்” என்றான் சந்தோஷமாக.

ரேடியோவுக்குப் பேச்சே வரவில்லை. இது அவளுக்குப் புது அனுபவம். மெதுவாக அவளும் மறுபக்கத்துத் தகரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

கூசியது! பல் கூசியது, தாடை கூசியது, மூக்குக்குள்கூட ஏதோ குறுகுறுத்தது.

“மிஸ்! மிஸ்!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். “சில்லிப்பு இல்ல மிஸ்! அதிர்வு! அவனுக்குப் பிடிச்சது கூலர் இல்ல, கூலரோட டுர்ர்ர்!”

எல்லோரும் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். மகாராணியின் நாற்காலியைக் கால்குலேட்டர் தள்ளிக்கொண்டு வந்தான்.

“எப்படிச் சொல்ற?” என்று கேட்டார் மிஸ்.

“சுவிட்சை அணைச்சுப் பாக்கலாம் மிஸ். அணைச்சாலும் தகரம் சில்லுன்னுதான் இருக்கும். டுர்ர்ர் மட்டும் நின்னுடும். அவன் கன்னத்தை எடுத்துட்டா, நான் சொன்னது சரி!”

மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. “சரி, அணைம்மா.”

‘டக்.’ கூலர் நின்றது. வண்டு கன்னத்தை எடுத்தான்.

‘டக்.’ டுர்ர்ர். வண்டு கன்னத்தை வைத்தான்.

“பாத்தீங்களா!” என்று துள்ளினாள் ரேடியோ.

“ஒரு தடவை நடந்தா அது தற்செயல்” என்றான் கால்குலேட்டர் கறாராக. “மூணு தடவை நடந்தாத்தான் சோதனை.”

இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவது தடவை ரேடியோ சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடி போடுவதற்குள் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றாள். வண்டு நிமிர்ந்தான். கூலரைப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். நேராக வந்து ரேடியோவின் கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு போய்ச் சுவிட்சின் மேல் வைத்தான்.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

“அவன் கேக்கறான் மிஸ்” என்றாள் ரேடியோ ரகசியக் குரலில். “போடுன்னு என்கிட்ட கேக்கறான்!”

“ஆமாம்மா” என்றார் மிஸ். “இவ்வளவு நாள்ல இவன் யார்கிட்டயும் எதையும் கேட்டதே இல்ல.”

ரேடியோ சுவிட்சைப் போட்டாள். கூலர் ஓடியது. வண்டு கன்னத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ரேடியோவின் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். நீயும் வை என்று அர்த்தம். அவளும் வைத்தாள். இரண்டு பேர் தாடையும் ஒன்றாகக் கூசியது.

அந்த வாரம் முழுவதும் ரேடியோ சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜ், கதவு, பேருந்தின் ஜன்னல், அண்ணனின் முதுகு. “எதுக்கு என் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கிற?” என்று அண்ணன் அலறியபோது, அவன் முதுகுக்குள் அந்த அலறல் ‘கும்’ என்று அதிர்வதை உணர்ந்தாள். ‘ஒலி என்பது அதிர்வு’ என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். ஆனால் அது முதுகு வழியாக வரும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை தங்கச்சிப் பாப்பாவின் பலூன் கிடைத்தது. அதில் வாயை ஒட்டிவைத்துப் பேசினாள். விரல் நுனியெல்லாம் குறுகுறுவென்றது.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ரேடியோ ஒரு பெரிய சிவப்பு பலூனோடு வண்டுவின் எதிரில் உட்கார்ந்தாள். பலூனின் ஒரு பக்கத்தை அவன் கன்னத்தில் மெதுவாக வைத்தாள். மறுபக்கத்தில் தன் உதட்டை வைத்தாள்.

“வண்டு” என்றாள்.

வண்டுவின் ரீங்காரம் நின்றது.

“வண்டு, நான்தான் பேசறேன். இது என் குரல். கூசுதா?”

வண்டுவின் கண்கள் அகன்றன. உதடு ஓரம் நெளிந்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ‘ஹக், ஹக், ஹக்’ என்று விக்கல் போல ஒரு சிரிப்பு. காதைப் பொத்த ஒரு கையும் எழவில்லை.

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். வண்டு பலூனை அவள் வாயோடு சேர்த்து அழுத்தினான். மறுபடி பேசு!

ரேடியோ பேசினாள். நேற்று சாப்பிட்டது, அண்ணனின் முதுகு, பாப்பாவின் அழுகை, பேருந்தில் பார்த்த பூனை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய பேச்சை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதே இல்லை. கடைசியில் அவளுக்கே தொண்டை வறண்டு போயிற்று.

“பதினேழு நிமிஷம்” என்றான் கால்குலேட்டர், கடிகாரத்தைப் பார்த்து. “இது உலக சாதனையா இருக்கும்.”

அன்று சாயங்காலம் வண்டுவின் அம்மா அழைத்துப்போக வந்தார். கடை ஒன்றில் தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ரேடியோ நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“அடடே!” என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “வீட்ல துணி துவைக்கிற மெஷின் ஓடினா, அதைக் கட்டிக்கிட்டே நிப்பான். உள்ள தண்ணி சுத்தறதை வேடிக்கை பாக்கறான்னு நெனச்சேன்! நான் பேசினாலும் காதைத்தான் பொத்துவான். எனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கும்.”

ரேடியோ பலூனை அவரிடம் நீட்டினாள்.

அம்மா படிக்கட்டில் உட்கார்ந்தார். வண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானே கன்னத்தைப் பலூனில் வைத்தான். என்ன பேசுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. “சாப்பிட்டியா கண்ணு?” என்று பலூனில் கேட்டார்.

வண்டு ‘ஹக்’ என்று சிரித்தான்.

“சாப்பிட்டியா கண்ணு? சாப்பிட்டியா?” அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டுக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர்கள் வீட்டுக்குக் கிளம்பத் தாமதமாயிற்று.

இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாரம்.

“பலூன் ரெண்டு பேருக்குத்தான் பத்தும் மிஸ்” என்றாள் ரேடியோ. “மேடம் வர்ற அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து அதிரணும்! பெருசா ஒண்ணு வேணும். எல்லாரும் படுக்கற மாதிரி ஒரு பலகை. அதுக்கு அடியில பாட்டுப் போடற ஸ்பீக்கர். எப்படி?”

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. “வா, தச்சர்கிட்ட கேப்போம்.”

தச்சர் மைதான ஓரத்தில் உடைந்த பெஞ்சுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். காதில் பென்சிலைச் செருகியிருந்தார்.

“மாமா, எங்களுக்கு ஒரு பெரிய பிளைவுட் பலகை வேணும். அடியில மெல்லிசா நாலு சட்டம் மட்டும் வெச்சு, தரையில படாம நிக்கணும். நடுவுல ஆணி கீணி அடிச்சுடாதீங்க. நல்லா ஆடணும்.”

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். “என்ன ஆகணும்?”

“ஆடணும் மாமா!”

“முப்பது வருஷமா வேலை செய்யறேன் பாப்பா. மேசை ஆடுது, நாற்காலி ஆடுது, சரிபண்ணிக் குடுங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. ஆடற மாதிரி செஞ்சு குடுன்னு கேட்ட முதல் ஆள் நீதான்.”

ஆனால் செய்துகொடுத்தார். புதன்கிழமையே பலகை மஞ்சள் கதவுக்குள் வந்துவிட்டது. ஓரமெல்லாம் சிராய் குத்தாமல் இழைத்திருந்தார். மிஸ் ஸ்பீக்கர் பெட்டியை அடியில் படுக்கவைத்து, மேளம் அதிரும் ஒரு பாட்டைப் போட்டார். பலகை ‘தும் தும்’ என்று துடித்தது. அதன் மேல் கால்குலேட்டர் தூவிய பாசிமணிகள் தாமாகக் குதித்தன. மகாராணி மணிக்கட்டை அசைத்து அவற்றுக்குக் கையாட்டினாள்.

தச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்துப் பார்த்தார். இன்னொரு காலையும் வைத்தார். ஒரு பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை வந்தார். கையில் நோட்டு, பேனா. மூலையில் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகள் பலகை மேல் படுத்தார்கள். மகாராணியை மிஸ்ஸும் அந்த வகுப்பின் உதவியாளரும் தூக்கி, தலையணையோடு படுக்கவைத்தார்கள். வண்டு ஓடிவந்து, கன்னத்தை மரத்தில் வைத்துக் கண்ணை மூடினான்.

“ஆரம்பிக்கிறோம் மேடம்” என்று மிஸ் ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினார்.

‘தும்...’ என்று ஒரு அதிர்வு. அவ்வளவுதான். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. விளக்குகள் அணைந்தன.

“கரண்ட் போச்சு!” என்றான் கால்குலேட்டர்.

மிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அலுவலக அறையிலும் இருட்டு. ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். கரண்ட் வரவில்லை.

தலைமை ஆசிரியை நோட்டை மூடினார். “என்ன செய்யறது, பாவம். வேலை நிறைய இருக்கு, அடுத்த மாசம் நேரம் கிடைச்சா பாக்கலாம். அதுவரைக்கும் இந்த மணி நேரத்துல கணக்கு நடக்கட்டும்” என்று எழுந்தார்.

அப்போது வண்டு எழுந்தான். பலகையைத் தட்டினான். நேராகச் சுவரிடம் போய், சுவிட்சைப் போட்டான். அணைத்தான். போட்டான். திரும்பிப் பலகையைப் பார்த்தான்.

வாசல்வரை போன தலைமை ஆசிரியை நின்றார். “அவன் என்ன பண்றான்?”

“சுவிட்சைப் போட்டா அதிரும்னு அவனுக்குத் தெரியும் மேடம்” என்றார் மிஸ். “அவனா கண்டுபிடிச்சது.”

ஆனால் பலகை அதிரவில்லை. வண்டு மறுபடி மறுபடி சுவிட்சைத் தட்டினான். அவனுடைய ரீங்காரம் உயர்ந்தது. “ம்ம்ம்ம்ம்!” கைகள் காதுக்குப் போயின. முகம் சிவந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் அழுதுவிடுவான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

‘கரண்ட் இல்ல வண்டு, பயப்படாதே, இப்ப வந்துடும்’ என்று சொல்ல ரேடியோ வாயைத் திறந்தாள். ஐம்பது சொற்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

அவள் ஒன்றையும் சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பலகையில் குப்புறப் படுத்தாள். உதட்டை மரத்தோடு ஒட்டிவைத்து, அடிவயிற்றிலிருந்து “ம்ம்ம்ம்ம்ம்” என்றாள்.

பலகை லேசாக அதிர்ந்தது. அதைப் பார்த்த கால்குலேட்டரும் படுத்து “ம்ம்ம்” என்றான். ஐந்தாம் வகுப்பின் மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

பலகை மேல் கொட்டிவைத்திருந்த பாசிமணிகள் நடுங்க ஆரம்பித்தன. வண்டு அதைப் பார்த்தான். காதிலிருந்து ஒரு கை இறங்கியது. மெல்ல நடந்து வந்தான். முழங்கால் போட்டு, குனிந்து, கன்னத்தை வைத்தான்.

ரேடியோ சட்டென்று கையை உயர்த்தினாள். எல்லோரும் நிறுத்தினார்கள்.

வண்டுவின் முகம் ரேடியோவின் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் காத்திருந்தாள். பேசாமல் இருப்பது பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. கால்குலேட்டர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பத்து... பதினைந்து... பதினெட்டு...

‘தொம்!’

வண்டு தன் குதிகாலால் பலகையை உதைத்தான்.

எல்லோருடைய கன்னத்திலும் அது வந்து மோதியது. “ஓ!” என்று ஒரு கூச்சல் எழுந்தது. ரேடியோ பதிலுக்கு உதைத்தாள். ‘தொம்!’ வண்டு ‘ஹக்’ என்று சிரித்து, இரண்டு தடவை உதைத்தான். ‘தொம் தொம்!’ எல்லோரும் இரண்டு தடவை உதைத்தார்கள். மகாராணிக்குக் காலை அசைக்க முடியாது. அவள் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி போட்டாள். அதுதான் இருப்பதிலேயே பெரிய அதிர்வு.

பாசிமணிகள் எகிறிக் குதித்தன. ஒன்று உருண்டுபோய்த் தலைமை ஆசிரியையின் காலணியில் முட்டி நின்றது. அவர் எப்போது வாசலிலிருந்து திரும்பி வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

“இது... இவங்களா செய்யறாங்களா?” என்று கேட்டார். “யாரும் சொல்லிக் குடுக்கலையா?”

மிஸ் பதில் சொல்வதற்குள் வண்டு எழுந்து வந்தான். தலைமை ஆசிரியையின் கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு போய், பலகை மேல் விரித்து வைத்தான். பிறகு மரத்தில் உதட்டை வைத்து “ம்ம்ம்ம்” என்றான். நிறுத்தினான். அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“கையில கூசுது!” என்றார் தலைமை ஆசிரியை, சின்னப் பிள்ளைபோல.

“கன்னத்துல வெச்சா இன்னும் நல்லா இருக்கும் மேடம்” என்றாள் ரேடியோ.

தலைமை ஆசிரியை கதவைப் பார்த்தார். வராந்தாவில் யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார். காலணிகளை ஒழுங்காக ஓரத்தில் விட்டார். முழங்கால் மடக்கி, “அம்மாடி” என்று முனகியபடி, மகாராணிக்கும் வண்டுவுக்கும் நடுவில் படுத்துக் கன்னத்தை மரத்தில் வைத்தார்.

“இப்ப செய்யுங்க” என்றார்.

பத்துப் பிள்ளைகளும் மிஸ்ஸும் உதவியாளரும் சேர்ந்து “ம்ம்ம்ம்ம்ம்” என்றார்கள். வண்டு ‘தொம்’ என்று ஒரு உதை விட்டான். தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பும் பலகையில் அதிர்ந்தது. அது வேறு மாதிரி அதிர்வு, ‘கலகல’ என்று. வண்டு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“மேடம்” என்று மெதுவாகக் கேட்டான் கால்குலேட்டர், “அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கா?”

“உஷ்!” என்றார் தலைமை ஆசிரியை கண்ணைத் திறக்காமல். “எந்தக் கணக்கு? இங்க சத்தம் வருது, கேக்க விடு.”

வெளியே காவலாளி மணி அடித்தார். வகுப்பு முடிந்துவிட்டது. பலகையிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.